குருவிகளுக்கு மஸ்டர் எடுத்தது பற்றிய விளக்கம்

ஏற்காடு
ஆவணி 14, செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை குழந்தைவேல் அவர்களுக்கு, மாமா பெரியநாயகம் பணிவுடன் எழுதுவது. இங்கு நான் நலமாக இருக்கிறேன். இடது முழங்கால் மட்டும் மழைக்கு ஒரு நாள் முன்பே வலித்து, வானொலியைவிடச் சரியாகச் சொல்லிவிடுகிறது. அங்கே தாங்களும் சௌபாக்கியவதி கலாவதியும் சேலத்து வெயிலைத் தாங்கிக்கொண்டு சுகமாக இருக்கச் சேர்வராயனை வேண்டிக்கொள்கிறேன்.

நேற்று மதியம் தாங்கள் போனில் பேசினீர்கள். "மாமா, ஞாயித்துக்கெழம காலைல கார் அனுப்பறனுங்க. துணிமணியெல்லாம் எடுத்து வெச்சுருங்க. இனிமே அங்க தனியா இருக்கறது சரிப்படாதுங்க" என்றீர்கள். நான் "சரிங்க மாப்பிள்ளை" என்றேன். போனில் யார் என்ன சொன்னாலும் எனக்குச் சரி என்றுதான் வாயில் வருகிறது. சென்ற மாதம் ஏதோ ஒரு பெண் அழைத்து என்னவோ கேட்டதற்கும் சரி என்றேன், அன்றிலிருந்து தினமும் காலையில் ராசிபலன் வருகிறது. அதனால்தான் கடிதம். சித்திரையில் பாசி பிடித்த படியில் வழுக்கி விழுந்தது என் முதல் தவறு. ஆடியில் பால் பாத்திரத்தை அடுப்பில் மறந்தது இரண்டாவது. மூன்றாவதாக ஏதாவது நடந்தால் வீட்டைப் பூட்டிவிட்டுத் தங்களோடு வந்துவிட வேண்டும் என்பது தங்கள் நிபந்தனை. அதற்கும் நான் சரி என்றுதான் சொல்லியிருந்தேன். இப்போது பக்கத்து வீட்டு லூர்துராஜ் தங்களுக்குப் போன் செய்து, "உங்க மாமா விடியக்காலம் சன்னல்ல உக்காந்து செத்தவங்களப் பேரு சொல்லிக் கூப்புடறாருங்க, அவங்களும் வர்றாங்க" என்று சொன்னதாகக் கலாவதி வழியாக அறிந்தேன். அதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று விளக்குவதே இக்கடிதத்தின் நோக்கம். விளக்கம் ஒழுங்காக அமைந்தால் இது மூன்றாவது தவறாகாது என்பது என் எண்ணம். என் எண்ணம் பிசகாகவும் இருக்கலாம்.

முதலில் தீனிப்பெட்டி. மாமா சன்னலோரம் உட்கார்ந்து குருவி பார்த்துக்கொண்டிருந்தால் வெளியே போய் விழாமல் இருப்பார் என்ற நல்ல எண்ணத்தில், மூன்று வகைப் பெட்டிகளின் படங்களை அனுப்பி, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னீர்கள். நான் பத்தொன்பது நாள் எடுத்துக்கொண்டேன். மரத்தில் தொங்கவிடுவது குரங்குக்குப் போய்ச் சேரும். கம்பத்தில் நிற்க வைப்பதற்குக் குழி தோண்ட வேண்டும்; நம் வாசலில் அரை அடிக்குக் கீழே பாறை. மூன்றாவது, மூன்று ரப்பர் குமிழ்களால் சன்னல் கண்ணாடியில் வெளிப்பக்கமாக ஒட்டிக்கொள்ளும், உள்ளே இருப்பதெல்லாம் தெரிகிற பிளாஸ்டிக் பெட்டி. ஒவ்வொன்றின் நன்மை தீமைகளையும் தாளில் எழுதி லூர்துராஜிடம் காட்டினேன். நான் ரைட்டராகக் கணக்கு எழுதிய காப்பி எஸ்டேட்டின் ஜீப்பை இருபத்தெட்டு வருடம் ஓட்டியவன் அவன். எதையும் சீக்கிரம் முடிவு செய்கிறவன். "ஏனுங்க ரைட்டரய்யா, ஒரு கொட்டாங்குச்சில நாலு அரிசி போட்டு வெச்சாக் குருவி திங்காதுங்களா? பொண்ணு பாக்கறவன்கூட இத்தன பாக்க மாட்டான்" என்றான். அது உண்மைதான். தங்களைக் கலாவதிக்குப் பார்த்தபோது நான் நான்கே நாளில் பதில் சொன்னேன். தாங்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மூன்றாவது வகைதான் என்று முடிவு செய்து, சன்னலை மூன்று தடவை அளந்து, அளவு சரி என்று தங்களுக்குத் தெரிவித்தேன். பெட்டி வந்தது. பிரித்துப் பார்த்தால் அது ஒரு அடி அகலம். நம் சன்னலில் கதவுக்கு ஆறு கண்ணாடி, ஒவ்வொன்றும் ஏழு அங்குலம், இடையில் மரச்சட்டம். நான் சன்னலை அளந்தேன், கண்ணாடியை அளக்கவில்லை. முப்பத்தாறு வருடம் ரைட்டராக இருந்தவன் செய்கிற பிசகா இது என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. திருப்பி அனுப்பலாம் என்றால், தங்களிடம் அளவு சரி என்று நானே எழுதியிருக்கிறேன். லூர்துராஜிடம் மட்டும் மெதுவாகச் சொன்னேன். அவன் சிரித்துவிட்டுப் போனவன், சாயங்காலம் ஒரு பெரிய கண்ணாடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான். ஷெட்டில் துருப்பிடித்துக் கிடக்கிற பழைய ஜீப்பின் முன்பக்கக் கண்ணாடி, அதில் இடது பாதி. நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் இடது சன்னல் கதவின் சட்டங்களைப் பெயர்த்து, அதைப் பொருத்திவிட்டான். கையால் திருப்புகிற பழைய வைப்பரையும் விடவில்லை. "பனி எறங்குனா ஒரு சுத்து சுத்துங்க, குருவி பளிச்சுன்னு தெரியும்" என்றான். ஆகவே நம் வீட்டுச் சன்னலில் இப்போது வைப்பர் இருக்கிறது. இதைத் தங்களிடம் இதுவரை சொல்லவில்லை. மன்னிக்கவும்.

பெட்டி ஒட்டிக்கொண்டது. ஆனால் இன்னொரு சங்கதி. பெட்டி இருப்பது கண்ணாடிக்கு வெளியே. சன்னலுக்கு உள்ளே இரும்புக் கம்பி. கதவோ வெளிப்பக்கம் திறப்பது. திறந்தால் பெட்டி சுவரில் மோதி நசுங்கும். ஆகையால் அதில் தீனி போட நான் வாசல் வழியாக இறங்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டு, அதே பாசிப் படி வழியாகப் போக வேண்டியிருக்கிறது, காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. நான் வெளியே போகாமல் இருப்பதற்கென்று தாங்கள் வாங்கிக் கொடுத்த பெட்டியால் நான் முன்னைவிட அதிகமாக வெளியே போகிறேன். தடி ஊன்றிக்கொண்டுதான் போகிறேன்.

தீனியாகக் கம்பு வைத்தேன். பெட்டியோடு வந்த தாளில் தானியம் என்றுதான் போட்டிருந்தது. பதினோரு நாள் ஒரு குருவியும் எட்டிப் பார்க்கவில்லை. நோட்டில் பதினோரு நாளும் "வரவில்லை" என்று எழுதினேன். ஆனால் சும்மா உட்கார்ந்திருந்தேன் என்று சொல்ல முடியாது. அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால், மாப்பிள்ளை, அது ஜீப்பில் என் பழைய இடம். இடது பாதி என்றுதான் சொன்னேனே, அந்தப் பக்கம்தான் நான் உட்காருவேன். கண்ணாடியின் மேல் மூலையில் லூர்துராஜ் ஒட்டியிருந்த மாதா படத்தின் பசை இன்னும் போகவில்லை. கீழே ஓரத்தில் நான் பென்சிலைத் தட்டித் தட்டி விழுந்த சிறு கீறல் இருக்கிறது. பங்குனியில் முதல் மழை பெய்து ஒன்பதாம் நாள் காப்பிச் செடி முழுக்க வெள்ளையாகப் பூத்திருக்கும்போது, அந்தக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்துக்கொண்டு போவேன். லூர்துராஜ் அன்று மட்டும் ஹாரன் அடிக்க மாட்டான். வாசனை கலைந்துவிடுமாம். மழை மானியில் அளந்த கணக்கு மடியில் இருக்கும். மார்கழியில் கமலா ஆரஞ்சு ஏற்றிய கூடைகளை ஓரமாக இறக்கி வைத்துவிட்டுப் பெண்கள் வழிவிட்டு நிற்பார்கள், யாராவது ஒருத்தி ஒரு பழத்தை ஜீப்புக்குள் போடுவாள், யார் போட்டது என்று தெரியாமல் இருக்க எல்லாரும் வேறு பக்கம் பார்ப்பார்கள். இப்போது நாற்காலி நகரவில்லை, வெளியே பனி மட்டும் நகருகிறது. சில சமயம் வீடே வெள்ளக்கடைப் பக்கம் போய்க்கொண்டிருப்பது போல இருக்கும். இதை எழுதலாமா என்று யோசித்தேன். என் புத்தி பற்றித் தாங்கள் ஏற்கெனவே கவலையில் இருக்கும்போது எழுதியிருக்கக் கூடாதுதான்.

குருவி வராததற்குக் காரணம் சொன்னவள் காவேரி. எஸ்டேட்டில் பழம் பறித்தவள், இப்போது நமக்குப் பால் ஊற்றுகிறாள். பெட்டியைப் பார்த்துவிட்டு, "கம்பு வெச்சா நம்ம மலக் குருவி எப்புடீங்க வரும்? அது கீழ்நாட்டுக் குருவி திங்கறதுங்க. அதுக சேலத்துலருந்து பஸ் ஏறி வருமுங்களா? வாழப்பழத்த வெய்யுங்க, வறுக்காத கடலைய நுணுக்கி வெய்யுங்க" என்றாள். வைத்தேன். மறுநாளே கொண்டைக்குருவி வந்தது. அடுத்து பட்டாணிக்குருவி, பிறகு தவிட்டுக்குருவிகள் கூட்டமாக. எல்லாருக்கும் முன்னால், ஆறு மணிக்குப் பிந்தாமல், ஓர் அண்டங்காக்கை.

இனி, பெயர் விஷயம். வருவதை எழுதி வைக்காவிட்டால் எனக்கு வந்ததாகவே தோன்றாது. கொண்டைக்குருவி ஒன்று, கொண்டைக்குருவி இரண்டு என்று எழுதிப் பார்த்தேன். எது ஒன்று எது இரண்டு என்று மறுநாள் குழம்பிவிட்டது. பிறகு கவனித்ததில், ஒன்று எப்போதும் பிந்தி வந்து, தலையைச் சாய்த்துக்கொண்டு, தான் பிந்தவில்லை என்பது போல நிற்கும். அது அப்படியே நம் மாதம்மாள். தாங்கள் பார்த்ததில்லை. எஸ்டேட் ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த நம் பழைய லைனில் மூன்றாவது வீடு. போய்ச் சேர்ந்து எட்டு வருடம் ஆகிறது. கடலையைக் கவ்விக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போய்த் தின்கிற பட்டாணிக்குருவி சித்தன். அவனும் இல்லை. இப்படி இறந்தவர்களின் பெயர்களாக மட்டும் பார்த்து வைத்தேன். இருக்கிறவர்கள் பெயரை வைத்தால் வருத்தப்படுவார்கள் அல்லவா? அண்டங்காக்கைக்குக் காளியண்ணன். பெயர் என்று வந்த பிறகு கூப்பிடாமல் எப்படி எழுதுவது? எஸ்டேட்டில் காலை ஆறு மணிக்குக் களத்தில் எல்லாரையும் நிறுத்தி மஸ்டர் எடுப்பது என் வேலையாக இருந்தது. ரைட்டர் பெயரைக் கூப்பிட, ஆள் பதில் சொன்னால்தான் வந்ததாகக் கணக்கு. என் வாழ்க்கையில் நான் சத்தமாகப் பேசியது அந்தக் கால் மணி நேரம்தான். உங்கள் அத்தை இருந்தவரை, "இந்தக் கொரலு ஊட்டுக்குள்ள எங்கீங்க போயிருது?" என்று கேட்பாள். அந்தக் குரல் எனக்குள் இன்னும் இருக்கிறது என்பது எனக்கே தெரியாது. முதல் நாள் "காளியண்ணன்!" என்று கூப்பிட்டதும் காக்கை பறந்துபோய்விட்டது. நானும் எழுந்துவிட்டேன். மூன்றாம் நாளிலிருந்து அதற்குப் பழகிவிட்டது.

வலது சன்னல் கதவு திறந்தே இருக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. கீழே பாதையில் செம்மநத்தத்துக்காரர்கள் முதல் பஸ்ஸுக்குப் போவார்கள் என்பதையும் யோசிக்கவில்லை. பனிக்குள்ளிருந்து ரைட்டர் மஸ்டர் எடுக்கிற சத்தம் கேட்டால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? எஸ்டேட் கைமாறிப் பதினோரு வருடம் ஆகிறது. புதியவர்கள் காப்பி பார்ப்பதில்லை. எஸ்டேட்டில் மறுபடி ஆள் எடுக்கிறார்கள் என்று பேச்சு போயிருக்கிறது, ரைட்டரையே திரும்பக் கூப்பிட்டு வைத்திருக்கிறார்கள் என்றும்.

நேற்று, திங்கட்கிழமை காலை, கையெட்டும் தூரத்துக்கு மேல் ஒன்றும் தெரியாத பனி. வைப்பரைச் சுற்றினாலும் பனிதான் தெரிந்தது. நோட்டைத் திறந்து, "காளியண்ணன்!" என்றேன்.

"வந்தனுங்க!" என்று பனிக்குள்ளிருந்து பதில் வந்தது.

பேனா கீழே விழுந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து எடுத்தேன். காக்கை பேசாது என்பது எனக்குத் தெரியும். காளியண்ணனும் பேச முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "யாரு?" என்றேன், இப்போது சாதாரணக் குரலில்.

"நாந்தானுங்க, மேக்காட்டுக் காளியண்ணன். பேரனோட வண்டில வந்தனுங்க. ஆளெடுக்கறீங்கன்னாங்க."

"நீ செத்துப்போயிட்டேன்னு சொன்னாங்களே?"

"அது எந்தம்பிங்க. எனக்குக் காது மட்டுந்தான் பாதி செத்துருக்குது."

நான் நோட்டையும் பேனாவையும் கக்கத்தில் இடுக்கி, தடியை எடுத்துக்கொண்டு, பாசிப் படியில் இறங்கிப் போனேன். விழவில்லை என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். போய்ப் பார்த்தால் காளியண்ணன் மட்டும் இல்லை. சன்னலுக்கு முன்னால் இருபத்து மூன்று பேர். தலையில் சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டுக்கொண்டு, கூடையோடு, பழைய வழக்கப்படி ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் இரண்டு வரிசை. யாரும் நிற்கச் சொல்லாமலே நின்றிருந்தார்கள். பின்னால் ஏழெட்டு இளவட்டங்கள் வண்டியை நிறுத்திவிட்டு. லூர்துராஜ் வேலிக்கு அந்தப் பக்கம் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அவன் தங்களுக்குப் போன் செய்தது அந்த நிமிடத்தில்தான். பனியில் அவன் யாரை யாராகப் பார்த்தானோ.

வேலை இல்லை என்று சொல்ல வேண்டும்.  அதை விட்டுவிட்டு, நான் கூப்பிட்டது குருவிகளை என்று சொன்னேன். பின்னாலிருந்த ஒரு பையன், "ஏனுங்க, குருவிக்கெல்லாம் வேல போட்டுக் குடுக்கறீங்க, எங்களுக்கு இல்லீங்களா?" என்று கேட்க, இளவட்டங்கள் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்துப் போய்விட்டார்கள். பெரியவர்கள் அசையவில்லை.

காளியண்ணன் சன்னலில் இருந்த பெட்டியை உற்றுப் பார்த்தான். "எம்பேர எந்தக் குருவிக்குங்க வெச்சிருக்கறீங்க?"

 அப்போது பார்த்து அண்டங்காக்கை வந்து உட்கார்ந்தது.

"இதுக்குங்களா?" என்றான். "ஏனுங்க ரைட்டரய்யா, நெறத்தப் பாத்தா வெச்சீங்க?"

"நிறத்துக்கு இல்லப்பா. நேரத்துக்கு. அதுதான் முதல்ல வருது. நீ ஒரு நாளும் பிந்துனதில்ல."

"அட, அப்புடிச் சொல்லுங்க" என்று அவன் துண்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றான்.

"மாதம்மா எங்கீங்க?" என்று பின்வரிசையில் ஒரு குரல். இன்னும் வரவில்லை என்றேன். "அங்கயும் லேட்டுத்தானா!" என்று பெண்கள் சிரித்த சிரிப்பில் காக்கை எழுந்துபோனது.

நான் ஒருவழியாக, வேலை இல்லை, இவ்வளவு தூரம் வர வைத்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்றேன். அப்போதுதான் காவேரி பேசினாள். பால் தூக்கைக் கீழே வைத்துவிட்டு அவளும் வரிசையில் நின்றிருந்தாள்.

"வேல இல்லீன்னு எங்களுக்குத் தெரியாதுங்களா? காப்பிச் செடியெல்லாம் காடாக் கெடக்கறதத் தெனமும் பாத்துட்டுத்தான போறோம். பேரு கூப்புடறாங்கன்னாங்க, வந்தோமுங்க. கடேசி நாளு நீங்க வரலீங்களே. ஏழு மணி வரைக்கும் களத்துல நின்னோம். காச்சல்னாங்க. பேரு கூப்புடாமயே ஊட்டுக்குப் போனமுங்க."

மாப்பிள்ளை, எனக்கு அன்று காய்ச்சல் இல்லை. இதை உங்கள் அத்தையிடம்கூடச் சொன்னதில்லை. அறுபத்தோரு பேரைக் கூப்பிட்டு, கடைசியில் நாளை வர வேண்டாம் என்று சொல்வது என் வேலையாக இருந்தது. கம்பளியைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டு படுத்துவிட்டேன். ஆறு மணிக்குக் களத்தில் பேச்சுச் சத்தம் கேட்டது. ஏழு மணிக்கு அடங்கியது. பதினோரு வருடமாக அவர்கள் என்னைப் பார்த்தால் காய்ச்சலைத்தான் விசாரிக்கிறார்கள்.

"காச்சல் இல்ல" என்றேன்.

"தெரியுமுங்க" என்றாள் காவேரி. "சும்மா பேரக் கூப்புடுங்க. கேட்டுட்டுப் போறோம். எனக்குக் கறவை நேரமாகுது."

குருவி நோட்டைத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். பழைய பட்டியல் எதுவும் கையில் இல்லை. ஆனால் ஒரு பெயரும் வரிசை மாறவில்லை. நான் கூப்பிட, இருந்தவர்கள் "வந்தனுங்க" என்றார்கள். இல்லாதவர்களுக்கு மற்றவர்கள் பதில் சொன்னார்கள். "அது ஓமலூர்ல மக ஊட்டுல இருக்குதுங்க." "போன தையில போயிட்டானுங்க." "அவளுக்கு இப்பக் கண்ணு தெரியறதில்லீங்க, நீங்க கூப்புட்டீங்கன்னு சொல்லீர்றேன்." காளியண்ணனின் தம்பி சென்றாயன் பெயர் வந்தபோது எல்லாரும் காளியண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு காளியண்ணன், "எழுதிக்குங்க, எழுதிக்குங்க" என்றான். எதை எழுதுவது என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை; வந்தான் என்று எழுதினேன். அறுபத்தொன்றும் முடிந்தது. எல்லாரும் கொங்காணியை உதறிக்கொண்டு கலைந்தார்கள். கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கிறது, பனியில் தாள் நனைந்துவிட்டது.

நடந்தது இவ்வளவுதான். ஆகவே லூர்துராஜ் சொன்னதில், செத்தவர்களைக் கூப்பிட்டேன் என்பது உண்மை. அவர்கள் வந்தார்கள் என்பது, வந்தான் என்று நான் எழுதிய அந்த ஒரு பெயரைத் தவிர, உண்மையில்லை. இதைத் தவறாகக் கொள்வதா வேண்டாமா என்பதைத் தாங்களே முடிவு செய்ய வேண்டும். எப்படியிருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை வருவதாக நான் ஒப்புக்கொண்டது ஒப்புக்கொண்டதுதான். டிரங்குப் பெட்டியில் ஐந்து வேட்டியும் மருந்துகளும் எடுத்து வைத்துவிட்டேன். ஓட்டுநரிடம் கொண்டை ஊசி வளைவுகளில் பொறுமையாக வரச் சொல்லுங்கள். கலாவதிக்கு என் ஆசிகள். அவள் தலைக்கு எண்ணெய் வைக்கிறாளா என்று கேட்டதாகச் சொல்லவும். தங்கள் உடம்பையும் கவனித்துக்கொண்டு, நல்ல பெயரோடும் நிறைந்த ஆயுளோடும் இருக்க மனமார வாழ்த்துகிறேன்.

தங்கள் பிரியமுள்ள மாமா,
பெரியநாயகம்

பின்குறிப்பு: தபாலில் சேர்க்கும் முன் கடிதத்தை மூன்று முறை படித்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் வருவதற்கான காரணம் ஒன்றுகூட இதில் இல்லை. ஆகவே வரவில்லை. வேட்டிகளை வெளியே எடுத்துவிட்டேன். கார் எப்படியும் ஏற்பாடு செய்திருப்பீர்கள். அதில் தாங்களும் கலாவதியும் சனிக்கிழமையே ஏறி இங்கே வந்துவிடுங்கள். காவேரியிடம் சொல்லி அனுப்பிவிட்டேன்; ஞாயிறு காலை ஆறு மணிக்கு எல்லாரும் மறுபடி வருகிறார்கள், ஓமலூரிலிருந்து ஒருத்தி உட்பட. பட்டியலில் தங்கள் பெயரை அறுபத்திரண்டாவதாகச் சேர்த்திருக்கிறேன். மஸ்டரில் 'அவர்கள்', 'மாப்பிள்ளை' எல்லாம் கிடையாது; வெறும் குழந்தைவேல் என்றுதான் கூப்பிடுவேன். சத்தமாகப் பதில் சொல்ல வேண்டும்.